வீரபாகு நடத்தி வைத்த கல்யாணம்

2003 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆரணியில் எங்கள் சபை மண்டபத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும்: மேடைக்கு இடப்பக்கம் போதகர். அவருக்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி இல்லாத நாற்காலியில், மிஷன் சங்கத்தின் பயிற்சித் தலைவி அமலி அம்மையார். வேறு நாற்காலி கொண்டுவர ஆள் ஓடினான். அவர் "இதுவே போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். வலப்பக்கம் முதல் பெஞ்சில் சபைக் கமிட்டியின் செயலர் என்கிற முறையில் நான், எனக்கு அடுத்து கமிட்டி உறுப்பினர் தமிழ்வாணன். எங்களுக்குப் பின்னால் பட்டுத் தறிக்காரர் பவுல்துரை ஜன்னலோரமாகவும், அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் உள்பக்கமாகவும். இடப்பக்கப் பெஞ்சுகள் முழுவதும், பலமநேரிலிருந்து வேனில் வந்திருந்த ஒரு தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பம். முன்வரிசையில் மணப்பெண் சுகன்யா, அவளுடைய பெரியப்பா, பெரியம்மா, இன்னும் அத்தைமார்கள். மணப்பெண்ணின் அம்மா கிருபாவதி மட்டும் கடைசிப் பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில். போன வருடம் கணவரை இழந்தவர். முன்னால் வந்து உட்காரச் சொல்லியும் வரவில்லை.

மேடையில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் பவுல்துரையின் மகன் அருள்பிரகாஷ். இன்னொருவர் பட்டுத் தரகர் வீரபாகு.

வீரபாகு அங்கே நிற்க வேண்டியவரே அல்ல. அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 

அருள்பிரகாஷ், தறியில் பூவேலைக்கு மாட்டுகிற ஜக்கார்டு அட்டைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலையில் இருந்தான். போன டிசம்பரில் அதை விட்டுவிட்டு மிஷன் சங்கத்தில் சேர்ந்தான். சங்கம் அவனைக் கம்போடியாவுக்கு அனுப்புவதாக இருந்தது. அதற்கு முன் மலைமேல் ஆறு மாதப் பயிற்சி. அங்கே தனக்குத்தானே சமைக்கக் கற்றுக்கொண்டான், ஊசி போடக் கற்றுக்கொண்டான், கக்கூஸுக்குக் குழி வெட்டினான், பாஷை தெரியாத சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தான். எல்லாவற்றிலும் நல்ல பெயர். அந்தச் சந்தோஷத்தில், மே மாத லீவுக்கு அவன் ஊருக்கு வந்தபோதே நாங்கள் வழியனுப்பு விழாவை நடத்திவிட்டோம். எங்கள் பழைய போதகருக்கு மாற்றல் வந்திருந்தது. அவர் கையாலேயே நடக்கட்டும் என்று அவசரப்பட்டோம். சால்வை போட்டோம், மாலை போட்டோம், சபையே அழுதது. ஜூன் கடைசியில் அவன் பெட்டியோடு திரும்பி வந்து நின்றான்.

ஒரே ஒரு பரீட்சையில் தோற்றிருந்தான், அதுவும் இரண்டு தடவை. கம்போடியாவில் முதல் இரண்டு வருடமாவது மொழிபெயர்ப்பவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச முடியும். ஒரு வாக்கியம் பேசி நிறுத்த வேண்டும், அவர் அதைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அருள்பிரகாஷுக்கு அது வரவில்லை. வாயைத் திறந்தால் மடை திறந்த மாதிரி. சபையில் எங்களுக்கெல்லாம் அதுதான் அவனிடம் பிடித்த விஷயமே.

ஊரில் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "இன்னாப்பா, கம்போடியா போயிட்டு ஜல்தியா வந்துட்ட?" என்பார்கள். தமிழ்வாணனோ, "போட்ட சால்வைய வாங்கி வைங்க, அடுத்தவனுக்கு ஆவும்" என்று கமிட்டியிலேயே சொன்னார். பையன் கோயிலுக்கு வந்தால் கடைசியில் வந்து முதலில் வெளியே போனான். ஃப்ளோரன்ஸ் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்டில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அமலி அம்மையாரே ஆரணிக்கு வந்து கடைசியாக ஒரு தடவை கேட்பார். தமிழ் தெரியாத ஒரு கூட்டத்தாரிடம், மொழிபெயர்ப்பு வழியாக, அவன் தன் சாட்சியை, தன்னை இந்த வழிக்குக் கொண்டுவந்த அனுபவத்தை, சொல்ல வேண்டும். தேறினால் அக்டோபரில் புறப்படுகிற குழுவோடு போகலாம். தேறாவிட்டால் சங்கம் அவனை விடுவித்துவிடும். மறுபடி விண்ணப்பிக்க வழியில்லை.

தமிழ் தெரியாதவர்களை ஆரணியில் எங்கே தேடுவது? பலமநேர் போதகர் எங்கள் போதகருக்குத் தெரிந்தவர். அந்தச் சபையில் ஒரு கல்யாண வீட்டார் சேலை எடுக்க ஆரணிக்கு வருகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். காலையில் எங்கள் ஆராதனையில் கலந்துகொள்வார்கள், மதியம் சாப்பாடு, மூன்று மணிக்குக் கூட்டம், அதன்பிறகு சேலை என்று ஏற்பாடு. தெலுங்கில் மொழிபெயர்க்க குணசுந்தரி டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தோம். அவரும் அருள்பிரகாஷை உட்கார வைத்து நாலைந்து தடவை பழக்கினார். ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. தேவிகாபுரத்தில் அவர் மகளுக்குப் பிரசவ வலி. டீச்சர் பஸ் ஏறிவிட்டார்.

எனக்குத் தெலுங்கு கேட்டால் புரியும். கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதுகிறவன். வருகிறவர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆனால் நாலு பேர் முன்னால் பேச நாக்கு புரளாது. போதகருக்கு அதுவும் இல்லை. அப்போதுதான் வீரபாகு, "நான் கீறேனே" என்றார்.

பலமநேர்க்காரர்களைக் கடை கடையாக அழைத்துப் போகிற தரகர் அவர்தான். முப்பது வருடமாக ஆந்திரா பார்ட்டி எல்லாம் அவர் கையில். தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. மதியச் சாப்பாட்டுக்கும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். போதகருக்கு உயிர் வந்தது. "தெய்வமா வந்தீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்தான் யோசித்திருக்க வேண்டும். வீரபாகுவின் தொழில் எனக்குத் தெரியும். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் முன்னால் அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வராது. கெட்ட வார்த்தை என்றால் வசவு அல்ல. 'இல்லை' என்பது கெட்ட வார்த்தை. 'தீர்ந்துபோச்சு' கெட்ட வார்த்தை. ஒரு தடவை தறி வீடொன்றில் பெண்ணொருத்தி "அந்தக் கலர் முடிஞ்சிடுச்சுங்க" என்றதற்கு, "நிறைஞ்சிருக்குன்னு சொல்லும்மா" என்று அவளை அதட்டினாராம். கிறிஸ்தவர்கள் கோயில் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு கேட்பார்கள். அவர் ஒரு நாளும் வெள்ளை என்று சொன்னதில்லை. "சந்தனக் கலர்" என்பார். பாலைப் போல வெளுத்திருந்தாலும் சந்தனக் கலர்தான்.

அமலி அம்மையார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை சொன்னார். "யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. திருத்தக் கூடாது. எனக்குத் தெலுங்கு தெரியும், நான் பாத்துக்கறேன்."

அருள்பிரகாஷ் பேச ஆரம்பித்தான்.

அந்தச் சாட்சி எங்கள் சபைக்கு மனப்பாடம். அவனுடைய அண்ணன் ஜெயசீலன் இறந்துபோன கதை. 1994-ல் நடந்தது. வாலிபர் கூட்டத்தில், கிறிஸ்துமஸ் பவனியில், வழியனுப்பு விழாவில் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சொல்லிச் சொல்லி அது பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆகியிருந்தது. கண் எங்கேயோ கூரையைப் பார்க்கும், வாய் தன்பாட்டுக்குப் போகும்.

"எங்க அண்ணன் ஜெயசீலன் கண்ணமங்கலத்துலேருந்து சைக்கிள்ல வந்துகினு இருந்தாரு, பின்னால வந்த ஒரு வண்டி அவரை அடிச்சுப் போட்டுட்டு நிக்காம போயிடுச்சு, ரத்தத்துல கிடந்தவரைப் போறவங்க வர்றவங்க யாருமே தொடல…"

வீரபாகு கையைத் தூக்கி, நிறுத்து என்றார். அருள்பிரகாஷ் நிறுத்த மேலும் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு வீரபாகு தெலுங்கில் சொன்னார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"இவரோட அண்ணன் சைக்கிள்ல வந்துகிட்டிருந்தாரு. பின்னால ஒரு வண்டி வந்தது. அது பாட்டுக்குப் போச்சு. அண்ணன் களைச்சுப் போய் ரோட்டோரமா கொஞ்சம் ஓய்வு எடுத்தாரு."

திரும்பி அமலி அம்மையாரைப் பார்த்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மூடிக்கொண்டிருந்தார்.

அருள்பிரகாஷ் அடுத்ததற்குப் போனான். பஞ்சாப்பிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், தலைப்பாகைக்காரர், வண்டியை நிறுத்தினார். ஜெயசீலனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. உடம்போடு வீடு தேடி வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான்.

வீரபாகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலைப்பாகை கட்டின ஒரு பெரிய மனுஷர் லாரிய நிறுத்தி, ஏறிக்கோ தம்பின்னாரு. வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அம்மா கண்ணுல தண்ணி. அவரையும் உக்கார வச்சாங்க."

பலமநேர் பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அத்தைமார்களில் ஒருத்தி, "நல்ல மனுஷன்" என்றாள்.

"மறுநாள் மாலை போட்டு ஊர்வலமா எடுத்துகினு போனோம், தெருவே திரண்டு வந்தது, அந்த டிரைவர் லாரிய ஓரங்கட்டிட்டு எங்க கூடவே கடைசி வரைக்கும் நடந்து வந்தாரு…"

இதில் மட்டும் வீரபாகுவுக்குச் சிரமமே இல்லை. மாலை, ஊர்வலம், தெருவே திரண்டது எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். எங்கே ஊர்வலம் போயிற்று என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரர் அல்லவா! வீரபாகுவைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். "பொண்ணு எந்த ஊரு?"

வீரபாகு ஒரு கணம் திணறினார். பெண் இல்லை என்று சொல்ல வேண்டும். 'இல்லை' அவர் வாயில் வராது.

"சேத்துப்பட்டு" என்றார்.

கடைசிப் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"எங்க அம்மா இன்னிக்கும் அந்த நாளை நினைச்சா தாங்க மாட்டாங்க" என்று அருள்பிரகாஷ் சொல்லிக்கொண்டிருந்தான். வீரபாகு அதையும் ஏதோ ஒரு விதமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அம்மா யார் என்று காட்டுவதற்காக ஃப்ளோரன்ஸ் பக்கம் கையை நீட்டினார். பலமநேர்க்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பெரியம்மா எழுந்து நின்று, கல்யாண மண்டபத்தில் சம்பந்தியைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி, இரண்டு கையையும் கூப்பி ஃப்ளோரன்ஸைக் கும்பிட்டாள். ஃப்ளோரன்ஸ் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

அருள்பிரகாஷின் கண் அப்போதுதான் கூரையிலிருந்து இறங்கியது.

பாதி வாக்கியத்தில் வாய் நின்றது. தமிழ்வாணன் என் காதில், "மறந்துட்டானா? மூணாவது தடவையும் போச்சா?" என்றார். என்னால் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க முடியும். நிபந்தனை இருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் சிரித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு வீரபாகு பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் தம்பி. போ, போ. நல்லாத்தான் போய்கினு இருக்குது."

"இல்லண்ணே. எங்க அண்ணன் செத்துட்டாருன்னு சொன்னேன். இவங்க சிரிக்கிறாங்க."

வீரபாகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

"அந்தப் பையன் செத்துட்டான்னு இவரு சொல்றாரு. நீங்க எதுக்குங்க அவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்க?"

கிருபாவதி எழுந்து நின்றிருந்தார். அவர் பிறந்த ஊர் குடியாத்தம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பலமநேரில் வாழ்க்கைப்பட்டவர். இத்தனை நேரமும் இரண்டு கதையையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் எங்கம்மா பண்ணி வச்சேன்? உங்க மச்சினர்தானே பொண்ணு எந்த ஊருன்னாரு!" என்றார் வீரபாகு.

"அதுக்காக? சேத்துப்பட்டுல பொண்ணு பாத்துடுவீங்களா?"

"பின்ன இன்னாம்மா சொல்றது?" வீரபாகுவின் குரல் உயர்ந்தது. "முகூர்த்தச் சேலை இன்னும் எடுக்கல. பொண்ணு எதிர்ல உக்காந்துகினு கீது. ரத்தம், பொணம், பாடைன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? முப்பது வருஷத் தொழில். ஒரு பொண்ணு முன்னாடியும் நான் சொன்னதில்ல. உங்களையும் மனசுல வச்சுத்தாம்மா சொல்லல. கட்டின புருஷன் போய் ஒரு வருஷம் ஆவல. உங்க முன்னாடி சாவு பேச்சு பேச எனக்கு பேஜாரா இருக்குது."

பெரியப்பா திரும்பி, என்ன சண்டை என்று கேட்டார். கிருபாவதி தெலுங்கில் இரண்டே வார்த்தையில் சொன்னார். சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியது. கும்பிட்ட பெரியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நடுப்பாதையைத் தாண்டி வந்து ஃப்ளோரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே ஏதேதோ சொன்னாள்.

ஃப்ளோரன்ஸ் என் தோளைத் தொட்டார். "இன்னாண்ணே நடக்குது? இவங்க எதுக்கு அழறாங்க?"

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நடந்ததை நடந்தபடியே சொன்னேன். வீரபாகு ஜெயசீலனைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டது, மாலை போட்டது, ஊர்வலம் விட்டது, சேத்துப்பட்டுப் பெண்.

ஃப்ளோரன்ஸ் என்னையே பார்த்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்கவில்லை.

"சேத்துப்பட்டுல யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேளுங்கண்ணே" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "எம் புள்ளைக்கு இந்த மனுஷன் கல்யாணம் பண்ணிட்டாராங்க" என்று பவுல்துரையை இடித்தார். ஜெயசீலன் போனபின் அந்தப் பெயர் வருகிற பேச்சில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பவுல்துரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோளும் ஆடிற்று. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அருள்பிரகாஷ் மேடையிலேயே நின்றான். பழைய அருள்பிரகாஷாக இருந்தால் இந்த இடத்தில் வீரபாகுவுக்கு ஒரு பிரசங்கம், பலமநேர்க்காரர்களுக்கு ஒரு பிரசங்கம் என்று ஆரம்பித்திருப்பான். அவன் மேடையை விட்டு இறங்கினான். பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றான்.

"வீரபாகு அண்ணே, இதை மட்டும் அவங்ககிட்ட அப்படியே கேளுங்க. கல்யாணத்துக்கு வந்த இடத்துல இந்தப் பேச்சு வேணாம்னா நிறுத்திக்கிறேன்."

ஒரே வாக்கியம். நிறுத்தினான். வீரபாகுவும் அதை அப்படியே கேட்டார்.

அதைச் சொன்னபோது பரீட்சை என்ற ஒன்று அவன் நினைவிலேயே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னான். எனக்கு இருந்தது. அவர்கள் வேண்டாம் என்றால் கூட்டம் அத்தோடு முடிந்தது, கம்போடியாவும் முடிந்தது. பெரியப்பா கிருபாவதியைப் பார்த்தார். கிருபாவதி மகளைப் பார்த்தார். 

வீரபாகு மெதுவாக, "பாப்பா மட்டும் வெளிய போய் ஒரு காபி சாப்பிட்டு வரட்டுமே" என்றார் தெலுங்கில்.

"நான் எதுக்குப் போகணும்?" என்றாள் சுகன்யா, அவளும் தெலுங்கில். "அப்பா இல்லாமத்தானே எனக்குக் கல்யாணம் நடக்கப்போவுது. அது எனக்குத் தெரியாதா? சொல்லச் சொல்லுங்க. அம்மா, நீ முன்னால வா."

கிருபாவதி முன்னால் வந்தார். மகள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

அருள்பிரகாஷ் மறுபடி முதலிலிருந்து சொன்னான். ஒரு வாக்கியம் சொன்னான், நின்றான். வீரபாகு சொல்லக்கூடியதை வீரபாகு சொன்னார். அவரால் முடியாத வார்த்தை வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடி கையைக் காட்டினார். கிருபாவதி உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் சொன்னார். இப்படி ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்து, கதை போயிற்று. ஒவ்வொரு தடவையும் அருள்பிரகாஷ் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தான். ஓர் அத்தைக்குப் புரியவில்லை என்று தெரிந்தபோது அதையே வேறு விதமாகச் சொன்னான்.

லாரி டிரைவருக்கும் தன் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்றான். அந்த மனிதர் அன்று பகல் முழுக்க அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பியதும் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அம்மா முதலில் குடித்தது அவர் கொடுத்த தண்ணீரைத்தான். பிறகு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

"எனக்கு அப்போ பதினாறு வயசு" என்றான். நிறுத்தினான். "பாஷை தெரியாத ஊர்ல, பாஷை தெரியாத ஒருத்தர் வீட்டுல, நானும் அப்படிப் போய் உக்காரணும்னு தோணுச்சு." நிறுத்தினான். "அவ்வளவுதாங்க."

வழக்கமாக இதற்குப் பிறகு கால்மணி நேரம் அறிவுரை வரும். அன்று வரவில்லை. சுகன்யா தன் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். தமிழ்வாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூட்டம் கலைந்தபின் அமலி அம்மையார் அருள்பிரகாஷைக் கூப்பிட்டார். போதகரும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

"ஏன் நிறுத்தின?"

"அவங்க சிரிச்சாங்கக்கா."

"மலைமேல மொத தடவை பேசினப்போ முன்வரிசையில ரெண்டு பேர் தூங்கினாங்க. ரெண்டாவது தடவை ஒரு குழந்தை வலிப்பு வந்து விழுந்துச்சு. தூக்கிகிட்டு ஓடினாங்க. நீ பேசிகிட்டே இருந்த. ஞாபகம் இருக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் பாக்கலக்கா."

"பாக்கலன்னு தெரியும். இன்னிக்குப் பாத்த. போதும்." பேனாவைப் பைக்குள் போட்டார். "ஆனா ஒண்ணு. தரகர் உங்க அண்ணனுக்குப் பொண்ணு ஊர் சொன்னாரு பாரு, அப்போ நான் சிரிச்சிருந்தா அதுவே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிருக்கும், நீ தேறியிருக்க மாட்ட. உள்ள கன்னத்தைக் கடிச்சிகிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் வலிக்குது."

போதகர் சத்தமாகவே ஸ்தோத்திரம் சொன்னார். நான் கைப்பிடி இல்லாத அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

சபையின் பரிந்துரைக் கடிதம் மறுநாளே போக வேண்டும் என்றார் அம்மையார். அங்கேயே கமிட்டி கூடியது. தமிழ்வாணன், "இன்னொரு வழியனுப்பு விழா வைக்கணுமா? இன்னொரு சால்வையா?" என்றார். குரலில் பழைய குத்தல் இல்லை. வேண்டாம், மே மாதம் சபை அழுததே போதும் என்று போதகர் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மாலை ஆறு மணிக்கு நான் மண்டபத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்தபோது வீரபாகு வந்தார். சேலை எடுத்து முடிந்ததாம்.

"இன்னா கலர்?"

"சந்தனக் கலர்தான்" என்றார். பிறகு எட்டிப் பார்த்தார். "என்னப் பத்தி இன்னா எழுதிகினு இருக்கீங்க?"

"ஒண்ணும் மறைக்கல. நடந்தது நடந்தபடி."

"எழுதுங்க. தரகர்னு வேணாம். மொழிபெயர்ப்பாளர் வீரபாகுன்னு போடுங்க." கதவு வரை போய்த் திரும்பினார். "ஃப்ளோரன்ஸ் அம்மா கோவமா கீதா?"

"போய்க் கேளுங்களேன்."

"கேட்டேன். சேத்துப்பட்டுக்கு எப்ப இட்டுகினு போறீங்க, சம்பந்தி வீட்டைப் பாக்கணுங்குது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு போனார்.

கடிதத்தை மூன்று பத்தியாக எழுதினேன். முதலில், எங்கள் சபை அருள்பிரகாஷை முழு மனதோடு அனுப்புகிறது என்பது. இரண்டாவது, அன்று நடந்தவற்றின் சுருக்கம். மூன்றாவது பத்தியில், அங்கே அவனுக்கு மொழிபெயர்ப்பாளராக வருகிறவர் எந்தெந்த வார்த்தைகளை வாயால் சொல்ல மாட்டார் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது என்று எழுதினேன். போதகர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை தபாலாபீஸ் திறக்கும்போது பவுல்துரை எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். முந்தின நாள் முழுவதும் ஒரு வார்த்தை பேசாத மனிதர். "நான் ஒட்டட்டுமாண்ணே?" என்றார். உறையைக் கொடுத்தேன். மேஜைமேல் இருந்த பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு, உறையின் வாயில் ஓரம் விடாமல் தடவி, மடித்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். காய்ந்துவிட்டதா என்று நகத்தால் ஒரு மூலையை நெம்பிப் பார்த்தார். பிறகுதான் ஜன்னலுக்குள் நீட்டினார். உள்ளே இருந்தவர் எடை போட்டு, முத்திரை குத்தி, பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.